ஆர்கெஸ்ட்ராவின் கடைசி நாற்காலி

திருக்கனூரிலோ, சுற்றியிருக்கும் மண்ணாடிப்பட்டு கொம்யூன் கிராமங்களிலோ போய் 'ஆர்கெஸ்ட்ரா' என்று சொன்னால் சின்னப் பிள்ளைக்குக்கூடப் புரியும். ஆனால் புரிவது வேறு! கோயில் திருவிழா, மேடை, கலர் பல்பு, கீபோர்டு, பேடு, இரண்டு பாடகர்கள், விடிய விடிய சினிமாப் பாட்டு. இதுதான் நம்ம ஊர் ஆர்கெஸ்ட்ரா. எண்பது நூறு பேர் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஆளுக்கொரு தாளைப் பார்த்து வாசிக்க, எதிரே ஒருவர் குச்சியை ஆட்டிக்கொண்டிருக்கும் மேல்நாட்டு ஆர்கெஸ்ட்ராவை டி.வி.யில் பார்த்ததோடு சரி.

அந்த இரண்டாவது வகை ஆர்கெஸ்ட்ராவுக்குப் பள்ளிப் பிள்ளைகளைப் பழக்குவதற்காக மேல்நாடுகளில் விடுமுறை முகாம்கள் நடக்கின்றன. ஒரு வாரம், இரண்டு வாரம் ஒரே இடத்தில் தங்க வைத்து, காலை முதல் இரவு வரை வாசிக்க வைத்து, கடைசி நாளில் பெரிய அரங்கத்தில் கச்சேரி. 'பணக்கார நாட்டுப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு' என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அங்கே நடக்கும் முக்கியமான வேலை ஒன்று, நம் பக்கத்தில் வேறு பெயரில், பல தலைமுறைகளாக, எந்த முகாமும் இல்லாமலே நடந்து வந்தது. அது என்ன ஆயிற்று என்று பார்ப்பதற்கு முன், முகாமுக்குள் கொஞ்சம் எட்டிப் பார்ப்போம்.

முகாமில் என்னதான் நடக்கும்?

அமெரிக்காவில் 1928-ல் மிச்சிகன் மாநிலத்தில் இன்டர்லாக்கன் என்ற இடத்தில், காட்டுக்கும் ஏரிக்கும் நடுவே, ஜோசப் மேடி என்ற இசை ஆசிரியர் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்காக ஒரு கோடை ஆர்கெஸ்ட்ரா முகாமைத் தொடங்கினார். இங்கிலாந்தில் 1948-ல் ரூத் ரெய்ல்டன் என்ற பெண்மணி தேசிய இளைஞர் ஆர்கெஸ்ட்ராவை நிறுவினார். உலகப் போர் முடிந்து மூன்றே வருடம். ரொட்டிக்கும் சர்க்கரைக்கும் ரேஷன் இருந்த காலம்! அப்போது போய் பிள்ளைகளைச் சேர்த்து ஆர்கெஸ்ட்ராவா என்று கேட்டவர்கள் இருந்திருப்பார்கள். 13 முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்கான அந்த ஆர்கெஸ்ட்ரா இன்றும் பள்ளி விடுமுறைகளில் தங்கிப் பயிலும் முகாம்களை நடத்துகிறது. கோடை முகாம் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் 'ப்ராம்ஸ்' கச்சேரியில் போய் முடியும்.

முகாமுக்கு வரும் பையனோ பெண்ணோ அவரவர் ஊரில் பெரிய ஆள். பள்ளியில் வயலின் என்றால் அந்தப் பெயர்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். இங்கே முதல் நாள் அந்தப் பிள்ளையைக் கொண்டுபோய் இரண்டாம் வயலின் பிரிவில் கடைசி வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள்!

ஆர்கெஸ்ட்ராவில் வயலின்காரர்கள் முதல் வயலின், இரண்டாம் வயலின் என்று இரு பிரிவு. பெரும்பாலும் மெட்டு முதல் பிரிவுக்குப் போய்விடும். இரண்டாம் பிரிவு அதற்குக் கீழே ஒத்துப்போகும் சுரங்களை வாசிக்க வேண்டும். தனியாகக் கேட்டால் அது என்ன பாட்டு என்றே தெரியாது. இரண்டு பேருக்கு ஒரு ஸ்டாண்டு, ஒரு தாள். பக்கம் முடியும்போது உள்பக்கம் இருப்பவர் வாசிப்பதை நிறுத்திவிட்டுத் தாளைத் திருப்ப, வெளிப்பக்கம் இருப்பவர் விடாமல் வாசிப்பார். பிரிவில் எல்லோருடைய வில்லும் ஒரே நேரத்தில் மேலே, ஒரே நேரத்தில் கீழே போக வேண்டும். அதற்கான குறிகளைப் பென்சிலால் தாளில் போட்டுக்கொள்வார்கள் (பேனா எடுத்தால் திட்டு விழும். நாளைக்கே நடத்துனர் மாற்றச் சொல்வார்). காலையில் பிரிவு பிரிவாகத் தனித்தனி அறையில் ஒத்திகை, பிறகு எல்லோரும் சேர்ந்து ஒத்திகை.

தொடங்கும் முன் ஓபோ என்ற குழல்காரர் ஒரே ஒரு சுரத்தை நீளமாக ஊதுவார். நூறு பேரும் அதற்குச் சுருதி சேர்ப்பார்கள். ஓபோ நம்ம நாதஸ்வரத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி. அதுவும் சீவாளி வைத்து ஊதுவதுதான்.

இதைவிடக் கஷ்டம் சும்மா இருப்பது. பித்தளை வாத்தியக்காரர்களும் தாள வாத்தியக்காரர்களும் ஐம்பது, அறுபது ஆவர்த்தம் வாசிக்காமல் எண்ணிக்கொண்டே இருந்து, சரியான இடத்தில் நுழைய வேண்டும். டிவோர்ஷாக் என்ற செக் நாட்டு இசையமைப்பாளரின் 'புதிய உலகம்' சிம்பொனியில் ஜால்ரா மாதிரியான சிம்பலுக்கு மொத்தமே ஒரே ஒரு தட்டுதான்! நாற்பது நிமிடத்துக்கு மேல் ஓடும் சிம்பொனி, நாலாவது பகுதி வரும் வரை காத்திருந்து, ஒரு தட்டு. அதுவும் மெதுவாக. பின்னாளில் பெர்லின் பில்ஹார்மோனிக்கை நடத்திய சைமன் ராட்டில், சிறு வயதில் இங்கிலாந்து இளைஞர் ஆர்கெஸ்ட்ராவில் தாள வாத்தியப் பிரிவில் நின்று எண்ணிக்கொண்டிருந்தவர்தான்.

வீட்டில் எட்டு மணி நேரம் சாதகம் செய்தாலும் இதெல்லாம் வராது. தன்னைவிட நன்றாக வாசிப்பவர்களுக்கு நடுவில், இன்னும் முழுதாகத் தேறாத ஒரு பிள்ளைக்கு ஒரு இடம் கொடுக்க வேண்டும். கடைசி நாற்காலியாக இருந்தாலும் பரவாயில்லை. முகாம் கொடுப்பது அந்த நாற்காலியைத்தான்.

1956, ஒரு இத்தாலியக் கோடை

இந்தக் கதையில் ஒரு இந்தியக் குடும்பத்துக்கு முக்கியமான பங்கு உண்டு. பம்பாயைச் சேர்ந்த பார்சி இளைஞர் ஜுபின் மேத்தா (பிறப்பு 1936) டாக்டர் படிப்புக்கான வழியை விட்டுவிட்டு 1954-ல் 18 வயதில் வியன்னாவுக்கு இசை படிக்கப் போனார். அங்கே மாணவர் ஆர்கெஸ்ட்ராவில் டபுள் பாஸ் வாசித்தார். ஆளை விடப் பெரிய, பெரும்பாலும் மெட்டே கிடைக்காத, அடியில் நின்று தாங்கும் வாத்தியம் அது.

வியன்னாவில் பெரிய நடத்துனர்களின் ஒத்திகைக்கு மாணவர்களை உள்ளே விடமாட்டார்கள். மேத்தாவும் அவருடைய இத்தாலிய நண்பர் கிளாடியோ அப்பாடோவும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கோரஸில் பாடகர்களாகச் சேர்ந்துவிட்டார்கள்! பாடுபவர்களை வெளியே போ என்று சொல்ல முடியாதல்லவா? பின்வரிசையில் நின்று பாடிக்கொண்டே, எதிரே நடத்துனர் என்ன செய்கிறார் என்று பார்த்துப் படித்தார்கள்.

1956 கோடையில் இருவரும் இத்தாலியில் சியன்னா நகரத்து சிஜியானா அகாடமியின் கோடைப் பயிற்சிக்குப் போனார்கள். அதே வகுப்பில் 13 வயதுப் பையன் ஒருவனும் இருந்தான், பெயர் டேனியல் பாரன்பாயிம். மூன்று பேருமே பின்னாளில் உலகப் புகழ் பெற்ற நடத்துனர்கள் ஆனார்கள். அது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. அதற்குப் பிறகு நடந்ததுதான் அதைவிட சுவாரசியமானது. அப்பாடோ 1970களில் தொடங்கிய ஐரோப்பிய சமூக இளைஞர் ஆர்கெஸ்ட்ராவின் முதல் இசை இயக்குநர் ஆனார், 1986-ல் வியன்னாவில் குஸ்தாவ் மாலர் இளைஞர் ஆர்கெஸ்ட்ராவை நிறுவினார். பாரன்பாயிம் 1999-ல் எட்வர்ட் சயீத்துடன் சேர்ந்து ஜெர்மனியின் வைமர் நகரத்தில் இஸ்ரேலிய, அரபு இளைஞர்களை ஒரே கோடை முகாமில் உட்கார வைத்தார். அதுதான் மேற்கு-கிழக்கு திவான் ஆர்கெஸ்ட்ரா. வெளியே ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத நாடுகளின் பிள்ளைகள் ஒரே ஸ்டாண்டில் ஒரே தாளைப் பார்த்தார்கள். அதனால் போர் நின்றுவிடவில்லை, பாரன்பாயிமும் நிற்கும் என்று சொல்லிக்கொள்ளவில்லை.

மேத்தா வீட்டில் இந்த வேலையைச் செய்தவர் அப்பா. மெஹ்லி மேத்தா (1908-2002) வயலின் வித்வான். 1935-ல் பம்பாய் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவை உருவாக்கியவர். ஆனால் பம்பாயில் அதை வைத்து வாழ முடியவில்லை. 1955-ல் இங்கிலாந்துக்குப் போய் மான்செஸ்டர் ஹாலே ஆர்கெஸ்ட்ராவில் வாசித்தார். பிறகு அமெரிக்கா. 1964-ல், 56 வயதில், லாஸ் ஏஞ்சல்ஸில் 'அமெரிக்கன் யூத் சிம்பொனி'யைத் தொடங்கி, ஏறத்தாழ 90 வயது வரை அதை நடத்தினார். அங்கே அவரிடம் பழகியவர்கள் பல ஊர் ஆர்கெஸ்ட்ராக்களில் போய் உட்கார்ந்தார்கள். அந்த அமைப்பு அறுபது வருடம் நடந்து 2024-ல் மூடப்பட்டது.

பம்பாய்க்காரர் ஒருவர் அமெரிக்கப் பிள்ளைகளுக்கு நாற்காலி போட்டார். இந்தியாவில்? மும்பையில் 2006-ல் 'சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியா' தொடங்கியபோது வாசித்தவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள். பணம் இருந்தது, அரங்கம் இருந்தது. சிறுவயதிலிருந்து ஆர்கெஸ்ட்ராவுக்குள் உட்கார்ந்து வளர்ந்த ஆட்கள் போதுமான அளவுக்கு இல்லை.

வயலின் வந்தது, நாற்காலி வரவில்லை

இதில் வேடிக்கை என்னவென்றால், வயலின் தமிழ்நாட்டுக்கு வந்து இருநூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் (1786-1858) சிறுவயதில் சென்னையில் மணலி முதலியார் குடும்பத்தின் ஆதரவில் ஒரு ஐரோப்பியரிடம் வயலின் கற்றுக்கொண்டார். கோட்டைப் பக்கம் வெள்ளைக்காரர்களின் பேண்டு வாசித்த மெட்டுகளைக் கேட்டு அண்ணன் எழுதியவைதான் 'நோட்டு சுரம்' என்று இன்றும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கப்படும் பாடல்கள். தஞ்சாவூரில் இரண்டாம் சரபோஜி மன்னர் அரண்மனையிலேயே மேல்நாட்டு பேண்டு வைத்திருந்தார். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவுக்கு 1834-ல் சுவாதித் திருநாள் மகாராஜா தந்தத்தால் ஆன வயலின் ஒன்றைப் பரிசளித்தார்.

ஆனால் நம்மவர்கள் வயலினைத் தரையில் உட்கார வைத்துவிட்டார்கள். சம்மணம் போட்டு, வயலின் தலையை வலது கணுக்காலில் ஊன்றி வாசிப்பது நம்ம முறை. தந்திகளை ச-ப-ச-ப என்று சேர்ப்பதும் மேல்நாட்டுச் சுருதி இல்லை. எழுதிய தாளைப் பார்க்காமல், பாடகர் அந்த நிமிடம் கற்பனையாகப் பாடுவதை நிழல் மாதிரி தொடர வேண்டும். நேர்சுரமாக நிறுத்தாமல் கமகத்தோடு அசைக்க வேண்டும். இருபது பேர் சேர்ந்து செய்கிற வேலை இல்லை இது, ஒருவர் தனியாக நின்று சாதிக்கிற வேலை. உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஒரு வாசிப்பு முறையை இதனால்தான் உருவாக்க முடிந்தது, ஆகவே இதைக் குறை என்று சொல்வதற்கில்லை. ஆனாலும் கச்சேரி மேடையில் அரைகுறையாகத் தெரிந்த பிள்ளைக்கு இடம் கிடையாது. அரங்கேற்றம் வரை வெளியே, அதற்குப் பிறகு உள்ளே.

ஒத்து பிடித்த பையன்

அப்படியென்றால் நம்மிடம் கடைசி நாற்காலியே இல்லையா? இருந்தது. கோயிலில் இருந்தது!

பெரிய மேளம் என்பது நாதஸ்வரமும் தவிலும் மட்டும் இல்லை. இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில் என்பது வழக்கமான செட். அதோடு ஒத்து ஒன்று, தாளம் ஒன்று. ஒத்து என்பது நாதஸ்வரம் மாதிரியே நீளமான குழல். ஆனால் அதில் விரல் வைத்து வாசிப்பதில்லை. ஒரே சுருதியை மூச்சு விடாமல் ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். கன்னத்தில் காற்றைத் தேக்கி, மூக்கால் மூச்சை இழுத்து, சத்தம் அறுந்துபோகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தாளம் என்பது கையில் பிடிக்கும் கெட்டியான வெண்கல ஜோடி.

வித்வான் வீட்டுப் பையன்களும், குருகுலத்தில் சேர்ந்த பையன்களும் பெரும்பாலும் இந்த இரண்டு இடத்தில்தான் முதலில் நின்றார்கள். சாமி புறப்பாடு இரவு பத்து மணிக்குக் கிளம்பினால் நாலு வீதியும் சுற்றி வர விடிந்துவிடும். அத்தனை நேரமும் அந்தப் பையன் தாளம் போட்டுக்கொண்டு, அல்லது ஒத்து ஊதிக்கொண்டு நடப்பான். யாரும் அவனைப் பார்க்க மாட்டார்கள். தூக்கம் வரும், கால் வலிக்கும். தவில்காரர் கணக்கு வைத்துச் சுற்றி வளைத்துப் போகும்போது தாளம் தவறினால் அங்கேயே முறைப்பு! ஆனால் மல்லாரி எப்படித் தொடங்குகிறது, எந்த வீதியில் என்ன ராகம், ஆலாபனையை எங்கே நிறுத்தித் தவிலுக்கு விடுகிறார்கள் என்பதெல்லாம் ஒரு முழம் தள்ளி நின்று அவன் காதில் விழுந்துகொண்டே இருக்கும். வியன்னாவில் மேத்தா கோரஸில் நுழைந்து படித்தாரே, அதே படிப்பு. இங்கே அதற்கு நுழைவதற்கு வழி தேட வேண்டியிருக்கவில்லை, வழக்கமே வழி வைத்திருந்தது.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். இந்த இடம் எல்லோருக்கும் கிடைத்துவிடவில்லை. குறிப்பிட்ட சில சமூகங்களின் வீட்டுப் பையன்களுக்குத்தான் கிடைத்தது, பெண்பிள்ளைகளுக்குப் பெரிய மேளத்தில் இடம் கிடைத்தது மிக அபூர்வம். குருகுலத்தில் அடியும் உண்டு, வீட்டு வேலையும் உண்டு. இங்கிலாந்து முகாமில் தாளைத் திருப்பும் பிள்ளைக்கு அந்தக் கஷ்டம் இல்லை.

பிறகு சுருதிப் பெட்டி வந்தது. முதலில் துருத்தி வைத்தது, 1970களின் இறுதியில் மின்சாரத்தில் ஓடும் பெட்டி. தட்டினால் போதும், தவறாத சுருதி. சாப்பாடு கேட்காது, தூங்கி வழியாது, பஸ் டிக்கெட் வேண்டாம். நாலு பேர் கூலியில் ஒரு பங்கு மிச்சம் ஆகும்போது யார் வேண்டாம் என்பார்கள்? ஒத்து பெரும்பாலான மேளங்களில் காணாமல் போனது. சுருதிக்கு இதனால் நஷ்டம் ஒன்றும் இல்லை, பெட்டி நன்றாகவே சுருதி கொடுக்கிறது. நஷ்டம், ஒத்து பிடித்து நின்ற பையனுக்கு.

ஸ்டூடியோவின் பின்வரிசை

தமிழ்நாட்டில் மேல்நாட்டு முறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்த பெரிய ஆர்கெஸ்ட்ரா உண்மையில் வளர்ந்தது சினிமா ஸ்டூடியோவில்தான். வடபழனி, கோடம்பாக்கத்தில் டஜன் கணக்கில் வயலின்கள் தாளைப் பார்த்து வாசித்தன. தன்ராஜ் மாஸ்டர் மாதிரி ஆசிரியர்கள் இளைஞர்களுக்கு மேல்நாட்டு இசை எழுதவும் படிக்கவும் சொல்லிக்கொடுத்தார்கள். பண்ணைப்புரத்திலிருந்து வந்த இளையராஜா அவரிடம் படித்தவர். அதற்கு முன்பே 14 வயதிலிருந்து அண்ணன் பாவலர் வரதராஜனின் குழுவில் ஊர் ஊராக ஆர்மோனியம் வாசித்துத் திரிந்தவர். ஏ.ஆர்.ரகுமான் ஒன்பது வயதில் அப்பாவை இழந்து, பள்ளி வயதிலேயே மற்ற இசையமைப்பாளர்களின் குழுக்களில் கீபோர்டு வாசிக்கப் போனவர். இரண்டு பேருக்குமே முதலில் கிடைத்தது ஓரத்து இடம்தான். அந்த ஓரத்து இடம் இல்லாமல் போயிருந்தால் தமிழ் சினிமா இசையின் வரலாறு என்னவாகியிருக்கும்?

1986-ல் வந்த 'புன்னகை மன்னன்' கம்ப்யூட்டர் இசைக்காகப் பேசப்பட்டது. 1992-ல் 'ரோஜா'. அதற்குப் பிறகு இருபது வயலின் சத்தத்தை ஒரு கீபோர்டு கொடுத்தது. முன்வரிசை வித்வான்களுக்குத் தனி வாசிப்புகள் தொடர்ந்து வந்தன. பின்வரிசைதான் காலியானது. ஒத்துக்கு நடந்ததே இங்கும் நடந்தது.

இதன் விளைவைக் கணக்குப் பார்க்க இரண்டு தேதி போதும். 2005-ல் இளையராஜாவின் 'திருவாசகம்' வெளியானபோது அதில் வாசித்தது புடாபெஸ்ட் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா. 2025 மார்ச் 8-ம் தேதி அவருடைய முதல் சிம்பொனியான 'வேலியன்ட்' லண்டனில் அரங்கேறியபோது வாசித்தது ராயல் பில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ரா. எழுதியவர் தேனி மாவட்டம், வாசித்தவர்கள் ஐரோப்பா. அவர் அங்கே போனதில் தவறு ஒன்றும் இல்லை. நாற்பது நிமிடச் சிம்பொனியைத் தூக்கி நிறுத்த, சிறுவயதிலிருந்து கடைசி நாற்காலியில் உட்கார்ந்து முன்னேறிய எண்பது பேர் ஒரே இடத்தில் வேண்டும். அவ்வளவு பேர் இங்கே இல்லை.

புதிதாகப் போட்ட நாற்காலிகள்

கீபோர்டு யுகத்தின் முகமாக இருந்த ரகுமானே 2008-ல் சென்னையில் கே.எம். இசைக் கல்லூரியைத் தொடங்கினார். அதை ஒட்டி, வசதியில்லாத குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இலவசமாக வயலின், வயோலா, செல்லோ சொல்லிக்கொடுத்து உருவானது 'சன்ஷைன் ஆர்கெஸ்ட்ரா'. வடக்கே காலிம்போங்கில் 1993-ல் எட்வர்ட் மெக்குவயர் என்ற கனடா நாட்டு ஏசு சபைப் பாதிரியார் தொடங்கிய காந்தி ஆசிரமப் பள்ளியில் ஏழைக் கூலித் தொழிலாளிகளின் பிள்ளைகள் வயலின் வாசிக்கிறார்கள். இந்த மாதிரி முயற்சிகளில் புகழ்பெற்றது வெனிசுவேலா. அங்கே 1975-ல் ஹோசே அந்தோனியோ அப்ரேயு ஒரு கார் நிறுத்தும் இடத்தில் பதினொரு பேரை வைத்துத் தொடங்கியது நாடு முழுவதும் பரவியது. அதில் வளர்ந்த குஸ்தாவோ துதாமெல் 2009-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் பில்ஹார்மோனிக்கின் இசை இயக்குநராகப் பொறுப்பேற்றார். மெஹ்லி மேத்தா இளைஞர் ஆர்கெஸ்ட்ரா நடத்திய அதே ஊர்!

மறுபடி திருக்கனூருக்கு வருவோம். இசை கற்க விரும்பும் ஒரு பிள்ளைக்கு அங்கிருந்து இரண்டு திசையில் வழி உண்டு. கிழக்கே புதுச்சேரியைத் தாண்டி அரியாங்குப்பத்தில் பாரதியார் பல்கலைக்கூடம். மேற்கே விழுப்புரத்தில் தமிழ்நாட்டின் மாவட்ட அரசு இசைப்பள்ளி. அந்த இசைப்பள்ளிகளில் குரலிசை, நாதஸ்வரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் என்று ஏழு பிரிவுகள். நாதஸ்வரத்தில் எந்த வீட்டுப் பிள்ளையும் சேரலாம், பெண்பிள்ளையும் சேரலாம். பழைய குருகுலம் திறக்காத கதவு இது. அவரவர் பாடத்தை அவரவர் ஆசிரியரிடம் கற்கலாம், மூன்று வருடத்தில் சான்றிதழ் கிடைக்கும். ஏழு பிரிவையும் ஒன்றாக உட்கார வைக்கும் எட்டாவது பிரிவு என்று ஒன்று இல்லை.

திருவிழா இரவில் சாமி புறப்படும்போது மேளத்துக்கு நடுவே சுருதிப் பெட்டி ஒருவர் தோளில் தொங்குகிறது. தாளம் மட்டும் இன்னும் ஆள் கையில்தான். பல ஊர்களில் அது ஒரு சின்னப் பையனின் கை. அவன் நாலு வீதியும் நடக்கிறான்.